கைதட்டிவிட்டுக் கலைந்தோம்

1998 டிசம்பர். பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிங்கோ சிங் தங்கம் வென்ற மறுநாள், நாளிதழில் வந்த அவர் படத்தை வெட்டிக் கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டினேன். 54 கிலோ பிரிவு. ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் 16 வருஷம் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம். மணிப்பூரின் செக்தா கிராமத்தில் பிறந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். முதலில் அணியிலேயே இடம் இல்லாதவர். அரையிறுதியில் தாய்லாந்து வீரரை அவர் ஊரிலேயே வீழ்த்தியவர். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பரீட்சை முடிந்ததும் அந்த நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போனது. படமும் கூடவே போனது.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதல் சண்டையிலேயே உக்ரைன் வீரரிடம் தோற்றார். வென்றவர் பிறகு வெண்கலம் வாங்கியவர் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பினோம். அதுதான் நமக்குச் சௌகரியம்.

அவர் இம்பாலில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். சண்டை என்றால் டிவியில் காட்டுவார்கள், நாமும் பார்ப்போம். விடிகாலையில் ஒரு பையனின் கால் வைப்பைத் திருத்துவதை யார் காட்டுவது, யார் பார்ப்பது? டிங்கோவைப் பார்த்துத்தான் தனக்குக் குத்துச்சண்டை ஆசை வந்தது என்று மேரி கோம் சொல்லியிருக்கிறார். 2014இல் மேரி கோம் படத்தைக் குடும்பத்தோடு பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்த டிங்கோ இப்போது எப்படி இருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து ஒரு நிமிஷம் தேடியிருக்கலாம். தேடவில்லை.

2017இல் கல்லீரல் புற்றுநோய். வைத்தியத்துக்காக வீட்டை விற்றார். 2020 ஊரடங்கில், நாம் வீட்டில் புதுசு புதுசாகப் பலகாரம் செய்து படம் போட்டுக்கொண்டிருந்தபோது, சிகிச்சைக்குப் போயிருந்த டெல்லியிலிருந்து இம்பாலுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்சிலேயே திரும்பினார். போனதும் கொரோனா. அதையும் ஜெயித்தார். 2021 ஜூன் 10 அன்று, 42 வயதில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு எல்லோரும் அஞ்சலி எழுதினோம். நானும் எழுதினேன். அதில் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தின் மூலையில், சாயங்காலமானால் ஒருவர் பிள்ளைகளின் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருப்பார். மணிக்கட்டில் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் குறுக்கே, மறுபடி மணிக்கட்டு. சுற்றி முடித்ததும் அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஒரு முறை குத்தச் சொல்வார். பல வருஷமாக அந்த வழியாகத்தான் பைக்கில் போகிறேன். போன வாரம்தான் நிறுத்திப் பெயர் கேட்டேன்.

பெயரைச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கையுறை நாலு ஜோடி கிழிஞ்சு கிடக்கு சார்" என்றார்.

நாலு ஜோடி. நம்மில் நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒரு ஜோடியை நான் ஏற்றுக்கொண்டேன்.