பிளேன்ல வந்தா கேப்லதான் போகணுமா?

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. பஸ்ல வந்தவங்க பஸ் மாறிப் போகலாம். ட்ரெய்ன்ல வந்தவங்க ஆட்டோ பிடிக்கலாம். ஆனா பிளேன்ல வந்தவங்க மட்டும் கேப்லதான் வீட்டுக்கு வரணும். "இவ்வளவு கொடுத்து பிளேன்ல வந்துட்டு, கடைசியில மின்சார ரயில்லயா வந்தே?"ன்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்க. ஏதோ ஏர்போர்ட் வாசல்ல இறங்கினதும் நம்ம அந்தஸ்தும் கூடவே இறங்கி நிக்கற மாதிரி.

இந்த வருஷம் நம்மில் பலர் முதல் முறையாக பிளேன் ஏறப் போறோம். சிலருக்கு இன்டர்வியூ, சிலருக்கு ஜாயினிங், சிலருக்கு மேற்படிப்பு. அதனால சென்னை ஏர்போர்ட்டையே எடுத்துக்கிட்டு இதைப் பேசலாம். ஏர்போர்ட் போக்குவரத்தை கௌரவத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. "எது வேகம்?"னு மட்டும் கேட்டும் முடிவு பண்ணாதீங்க. "மோசமான நாளில் எது எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேளுங்க.

ஒரு உதாரணத்துக்கு, கார்ல போனா நல்ல நாளில் 40 நிமிஷம், மோசமான நாளில் ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க. ரயிலில் எந்த நாளும் 50 நிமிஷம். பெரும்பாலான நாட்களில் கார்தான் ஜெயிக்கும். ஆனா உங்க இன்டர்வியூ எந்த நாளில் வரும்னு உங்களுக்குத் தெரியாதே? நாம படிக்கிற பாடத்துலயே இது இருக்கு. பாலம் கட்டுறவர் சராசரி லோடுக்கு டிசைன் பண்ண மாட்டார், அதிகபட்ச லோடுக்குத்தான் பண்ணுவார். நாம மட்டும் ஏர்போர்ட் பயணத்தை சராசரிக்கு டிசைன் பண்றோம்.

சென்னையில் அந்த மோசமான நாள் அபூர்வமும் இல்லை. காலை எட்டு மணிக்கு ஜிஎஸ்டி ரோடு, மாலை ஆறு மணிக்கு கத்திப்பாரா, கிண்டி. ஒரு நல்ல மழை பெஞ்சா ஆப்பில் ரேட் ஏறும், கேப் கிடைக்காது, கிடைச்சாலும் நகராது. ஊருக்குள்ள வரும்போதாவது பரவாயில்ல, லேட்டானா திட்டு வாங்கிக்கலாம். ஏர்போர்ட்டுக்குப் போகும்போது அது நடக்காது. உள்நாட்டு விமானத்துக்கு செக்-இன் கவுண்டர் பொதுவா ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடும். "கத்திப்பாராவுல ட்ராஃபிக் மேடம்"னு சொன்னா திறக்க மாட்டாங்க.

சரி, கையில என்னென்ன இருக்கு?

முதலாவது மெட்ரோ. 2016 செப்டம்பரிலிருந்து ஏர்போர்ட் வரைக்கும் ஓடுது. நீல வழித்தடத்தில் ஏறினா கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியா நேரா சென்ட்ரல். கோயம்பேடு, வடபழனி பக்கம் போகணும்னா ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறலாம். 2021-ல் கட்டணத்தைக் குறைச்சப்போ அதிகபட்சம் 50 ரூபாய்னு வெச்சாங்க. ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு, ஒரு பெட்டி ஒரு பேக் ஆசாமிக்கு தாராளம்.

இரண்டாவது, அதிகம் பேர் கண்ணில் படாத ஒன்று: திரிசூலம் ரயில் நிலையம். ஏர்போர்ட்டுக்கு நேர் எதிரே, ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம். சுரங்கப்பாதை வழியா நடந்தே போயிடலாம். கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில் அங்கே நிற்கும். கடற்கரை வரைக்கும் போனாலும் சாதாரண வகுப்புல பத்து ரூபாயைத் தாண்டாது. எழும்பூரில் தென்மாவட்ட ரயில் பிடிக்கணுமா? மாறாம நேரா போய் இறங்கலாம். தாம்பரம் பக்கம் போகணுமா? மெட்ரோ ஏர்போர்ட்டோட நின்னுடும், கிளாம்பாக்கம் வரைக்கும் நீட்டிக்கிற திட்டம் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போக ரயில்னா அது திரிசூலம்தான்.

மூன்றாவது, ஜிஎஸ்டி ரோட்டில் போகும் மாநகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. ஆனா பஸ்ஸும் கேப் மாட்டுற அதே ட்ராஃபிக்கில்தான் மாட்டும். நேரம் கையில இருந்தா மட்டும் பஸ்.

இங்கே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பேரை நம்பி மீனம்பாக்கத்தில் இறங்கிடாதீங்க. பழைய முனையம் மீனம்பாக்கம் பக்கம் இருந்ததால "மீனம்பாக்கம் ஏர்போர்ட்"னு பேர் நிலைச்சிடுச்சு. 1980-களிலேயே முனையங்கள் திரிசூலம் பக்கம் வந்தாச்சு. மெட்ரோவில் இறங்க வேண்டிய இடம் "விமான நிலையம்", மின்சார ரயிலில் "திரிசூலம்".

அப்போ கேப்பே கூடாதா? அப்படி இல்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு இறங்கினா மெட்ரோவும் இல்ல, மின்சார ரயிலும் இல்ல. கேப்தான். தாத்தா பாட்டியோட, மூணு பெட்டியோட வந்தா கேப்தான். நாலு பேரா வந்து காசைப் பிரிச்சுக்கிட்டா கேப் ஒண்ணும் ஆடம்பரம் இல்ல. சோழிங்கநல்லூர், சிறுசேரி மாதிரி ஓஎம்ஆர் பக்கம் போறவங்களுக்கு ரயில் சுத்து வழி, பல்லாவரம் - துரைப்பாக்கம் ரோடு வழியா கார்ல போறதுதான் புத்திசாலித்தனம். காலை ஒன்பது மணிக்கு பெரிய பெட்டியோட மின்சார ரயிலில் ஏறச் சொல்ற ஆளும் நான் இல்ல. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக ரயில்களைக் குறைப்பாங்க, அதையும் முதல் நாளே பாத்துக்கணும். தேவைன்னு கேப் எடுத்தா சரி. பிளேன்ல வந்துட்டோமேன்னு கேப் எடுக்கறதுதான் தப்பு.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. ஏர்போர்ட்டில் பெட்டி தூக்குறவங்க, தரை துடைக்கிறவங்க, கடையில நிக்கிறவங்கன்னு பலர் தினமும் அந்த மின்சார ரயிலில்தான் வந்து போறாங்க. அடிக்கடி பறக்கிறவங்களுக்கு மெட்ரோ தெரியும். எதுவுமே தெரியாம வெளியே வர்றது யாருன்னா, முதல் தடவை பறக்கிறவங்க. கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் வர்ற பையன், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வர்ற அண்ணன், பிள்ளையைப் பாக்கப் போயிட்டுத் திரும்புற அம்மா. பத்து ரூபாய் ரயில் யாருக்கு ரொம்பத் தேவையோ, அவங்களுக்குத்தான் அது இருக்கறதே தெரியல. "டாக்ஸி வேணுமா சார்?"னு கேக்க ஆள் இருக்காங்க. "எதிர்ல ஸ்டேஷன் இருக்கும்மா"ன்னு சொல்ல யாரும் இல்லை.

ஊருக்கு உள்ளேயே ஏர்போர்ட், அதன் வாசலிலேயே ரெண்டு ரயில். எல்லா ஊருக்கும் இது அமையல. பெங்களூரு ஏர்போர்ட் தேவனஹள்ளியில், ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டருக்கும் மேலே. 2008-ல் திறந்த ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ பாதை இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க. அங்கே ஏர்போர்ட்டுக்குன்னே தனியா விடுற வாயு வஜ்ரா பஸ்ஸில் ஐடி கம்பெனி ஆட்கள் கௌரவம் பாக்காம ஏறிப் போறாங்க. நாம வாசலில் ரயிலை வெச்சுக்கிட்டு கேப்புக்கு வரிசையில நிக்கறோம்.

இதுல நாம செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. எந்த காலேஜ் சிம்போசியம் அழைப்பிதழை வேணா எடுத்துப் பாருங்க. கடைசிப் பக்கத்துல "அருகிலுள்ள விமான நிலையம்: சென்னை, இத்தனை கிலோமீட்டர்"னு ஒரு வரி இருக்கும். அதோட சரி. அந்தக் கிலோமீட்டரை எப்படிக் கடக்கறதுன்னு யாரும் எழுதறதில்ல. அடுத்த அழைப்பிதழ் தயார் பண்ணப் போற ஜூனியர்ஸ், அதுல இன்னும் மூணு வரி சேருங்க: எந்த ஸ்டேஷன், எங்கே மாறணும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு. மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ முதல் தடவை பிளேன்ல வர்ற ஒரு ஸ்டூடன்ட், வாசலில் நின்னு முழிக்காம நேரா நடந்து போவாங்க.