இணக்கமும் அதன் விலையும்

கல்விச் சீர்திருத்தம் என்றதும் பாடத்திட்டமும் பரீட்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நல்லதொரு திட்டத்தை வகுப்பதினும் அதற்குப் பலரை உடன்படச் செய்வதே அரிய காரியமாகும். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டிற் பிறந்த கல்விச் சட்டத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1902ஆம் ஆண்டுச் சட்டம் சமயப் பாடசாலைகளுக்கு உள்ளூர் வரிப்பணத்தை அளித்தது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராத கிறிஸ்தவர் பலர் சினந்து, வரி செலுத்த மறுத்துச் சிறையும் புகுந்தனர். அக்கசப்பு நெடுங்காலம் மறையவில்லை. ஆதலால், 1941இல் பட்லர் கல்விப் பொறுப்பை ஏற்றபோது, யுத்த காலத்திற் பழம்பிணக்கைக் கிளற வேண்டாமெனப் பிரதமர் சேர்ச்சில் தடுத்தார்.

பட்லர் முயற்சியைக் கைவிடவில்லை, அவசரப்படவும் இல்லை. அவர் பழைமைக் கட்சியினர். அவருக்குத் துணைநின்ற சூட்டர் ஈட் தொழிற்கட்சியினர். இருவரும் திருச்சபைத் தலைவர்களோடும் ஆசிரியர் சங்கத்தாரோடும் உள்ளூராட்சியாளரோடும் பொறுமையுடன் பேசினர். 1943இல் வெள்ளை அறிக்கை வெளியாயிற்று.

சமயப் பாடசாலைகளுக்கு இரு வழிகள் காட்டப்பட்டன. கட்டடத் திருத்தச் செலவிற் பாதியை ஏற்கும் பாடசாலை, ஆசிரியர் நியமனத்தையும் சமய போதனையையும் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். அது இயலாதெனின், செலவு முழுவதையும் உள்ளூராட்சி ஏற்கும். அதிகாரத்தின் பெரும்பகுதியும் அதனிடமே செல்லும். கத்தோலிக்கர் முழுமனத்துடன் இசையவில்லை. எனினும் பழைய போர் மீண்டும் மூளவில்லை. 1944 ஓகஸ்ட் 3ஆம் திகதி மசோதா சட்டமாயிற்று. அரசினர் இடைநிலைப் பாடசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. 1947 முதல் 15 வயதுவரை கல்வி கட்டாயமாயிற்று.

ஆனால், அன்பர்களே, இந்த இணக்கத்திற்கு விலை கொடுத்தோரும் உளர். 1944 மார்ச்சில், ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சம ஊதியம் வழங்கும் திருத்தம் 117க்கு 116 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சேர்ச்சில் அதனை அரசாங்கத்தின்மீதான நம்பிக்கைப் பிரச்சினையாக்கினார். இரண்டு நாட்களில் அதே சபை அத்திருத்தத்தைத் தள்ளிவிட்டது. மணமான பெண்ணை ஆசிரியத் தொழிலினின்றும் விலக்கும் வழக்கத்தை அச்சட்டம் நீக்கியது உண்மையே. ஆயினும் ஆசிரியைகள் சம ஊதியத்தை முழுமையாகப் பெற 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற தனியார் கல்லூரிகளையும் சட்டம் தீண்டவில்லை.

பேச்சுவார்த்தையின்றி எந்நாட்டிலும் கல்வி நிலையாகத் திருந்தாது. ஆனால் ‘எல்லோரும் உடன்பட்டனர்’ என்று கேட்கும்போது, அந்த எல்லோருள் அடங்காதவர் எவர் என்று வினவ மாணவர் பழகுதல் வேண்டும்.