கல்மண்டபம் தெருக்கடைகளுக்குக் குழாய் வேண்டும்!

தோழர்களே! அடுப்பைக் குறையுங்கள். ஒரு நிமிஷம் கேளுங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பக்கெட் தண்ணீர் பிடிக்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கும் அதே தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், அடியில் சோற்றுப் பருக்கை. அதில்தான் தட்டு. அதில்தான் கரண்டி. அதில்தான் நம் கை.

பஜ்ஜி எண்ணெயில் கிருமி சாகும். தேங்காய்ச் சட்னியில் சாகாது. ஆறிப்போன நூடுல்ஸில் சாகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ஈ-கோலைக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும்!

அந்தச் சட்னியைச் சாப்பிடுவது யார்? மூட்டை தூக்கும் தோழர். காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு வரும் தோழர். டியூஷன் முடிந்து வரும் நம் பிள்ளை. 1992-இல் ஓ139 என்ற புதிய காலரா முதலில் தலைகாட்டியது இதே மெட்ராஸில்தான். மறக்காதீர்கள்!

பேசுங்கள், தோழர்களே! பக்கத்து வண்டியில் நேற்றைய சட்னியை இன்றைய சட்னியில் கலந்தால் பேசுங்கள். மீனுக்குப் போட்ட ஐஸ் சர்பத்துக்கு வந்தால் பேசுங்கள். சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கச் சொல்லி 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. வெள்ளையாக வருகிறதா? எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம் சங்கத்து ஆள்தானே என்று வாயை மூடாதீர்கள். 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி செத்துப்போனாள். நம் தெருவில் அப்படி ஒன்று நடந்தால் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வோம்? அடுத்த நாளே மாநகராட்சி லாரி வரும். எல்லா வண்டியையும் அள்ளும். சுத்தமான வண்டியையும் அள்ளும்.

சுத்தமாக இரு என்கிறார்கள். இருப்போம்! தண்ணீர் எங்கே? கழிப்பறை எங்கே? கை கழுவ ஒரு குழாய் எங்கே? நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் நம் அக்காமார்கள். இதுவா நியாயம்?

சட்டம் நம் பக்கம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தைக் கையில் எடுங்கள். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் நாம் தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும். அதில் மூன்றில் ஒருவர் பெண். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்போம். குழாய் கேட்போம். கழிப்பறை கேட்போம். சாக்கடைக்கு மூடி கேட்போம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. மாநகராட்சியின் ஐந்தாவது மண்டல அலுவலக வாசல். ஒரு நாள் வியாபாரம் போகும், தெரியும். போகட்டும்! தனியாகப் போனால் விரட்டுவார்கள். தெருவே போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

வருகிறீர்களா, தோழர்களே? இன்று ராத்திரி கடை கட்டும் முன் பெயர் கொடுங்கள்.