மாத்திரை கொடுத்தால் போதுமா?

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டதுக்கு அப்புறம். அடுத்து யாரு?"

சர்க்கரை நோயாளிக்கு இங்கே கிடைக்கும் பாடம் பல இடங்களில் இவ்வளவுதான். ஆயுள் முழுக்க கூடவே வரப்போகும் நோய்க்கு பத்து நொடி வகுப்பு! மூன்று மாதம் கழித்து சர்க்கரை ஏறி வந்து நின்றால், "சொன்ன பேச்சைக் கேட்கிறதே இல்லை" என்று திட்டு வேறு.

சொன்னால்தானே கேட்பதற்கு?

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. முதலாவதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, அடுத்ததுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு கூடிவிடும், அல்லது அதே அளவுக்குக் குறைந்துவிடும். ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் மருந்து வீண். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. திடீரென்று வியர்த்து கை நடுங்கினால் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும். மருந்துச் சீட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பிறகு நோயாளியையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்த யாராவது, நர்ஸ்தான்.

பொத்தேரி ஸ்டேஷனில் தினமும் இறங்கும் மாணவர் கூட்டத்தில் நர்சிங் படிப்பவர்களும் உண்டு. நோயாளிக்குக் கற்பிப்பது எப்படி என்பதே அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சார்ட் எழுதி, வார்டில் நின்று ஹெல்த் டாக் கொடுத்து மார்க் வாங்குகிறார்கள். வேலைக்குப் போன பிறகு? ஊசி, டிரிப், கேஸ் ஷீட், ரெஜிஸ்டர்! நோயாளியிடம் ஐந்து நிமிடம் பேசினால் அதற்குப் பெயர் அரட்டை.

பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எந்த வார்டிலாவது நின்று எண்ணிப் பாருங்கள். 2015-ல் தேர்வு வைத்து எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அரசு நர்சுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கிடைத்தது. அதை எதிர்த்து 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களிடமே பொறுமையையும் புன்னகையையும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

"அதான் வீட்டுக்கே மாத்திரை வருகிறதே" என்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வயிற்றுக்குள் போக, அது எதற்கு என்று நோயாளிக்குப் புரிய வேண்டும். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் அங்கே அந்த நிலை!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். இத்தனை பேருக்கும் டாக்டரே உட்கார்ந்து விளக்க முடியாது. கற்பிப்பதற்கென்றே தனி நர்ஸ், தனி நேரம், அதற்கேற்ற சம்பளம் வேண்டும். கால் அழுகிய பிறகு ஆபரேஷனுக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறது. செருப்பில்லாமல் நடக்காதே என்று முன்கூட்டியே சொல்ல ஒரு ஆளைப் போட மட்டும் பணம் இல்லையா?