கைபேசி விளம்பரங்களில் கள்ளக் கணக்கு

கைபேசிச் செயலிகளுள் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஆக்குவோரின் செலவைப் பெரிதும் ஈடுசெய்வது விளம்பர வருமானமே. விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டனர், எத்தனை பேர் அதன் வாயிலாகப் புதிய செயலியை நிறுவினர் என்னும் எண்ணிக்கைகளுக்கேற்பப் பணம் வழங்கப்படுகிறது. எண்ணிக்கையே பணமாகும் இடத்தில் பொய் எண்ணிக்கை தோன்றுவதில் வியப்பில்லை. வேலைக்கு வராதவர்களின் பெயர்களை வருகைப் பட்டியலில் ஏற்றிக் கூலி பெறும் மோசடியைக் களப்பணியாளர் அறிவர். இதுவும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால், இங்கே பொய்ப் பெயர்களை எழுதுவது மனிதக் கை அன்று, யந்திரம்.

இம்மோசடியின் முறைகள் பல. 2017இல் செக்பாயின்ட் நிறுவனம் வெளிப்படுத்திய ‘ஜூடி’ என்னும் மோசடியில், விளையாட்டுச் செயலிகள் உரியவர் அறியாமலே விளம்பரங்களைத் தாமே தொட்டுக்கொண்டிருந்தன. 2023 ஜனவரியில் ஹியூமன் நிறுவனம் வெளியிட்ட ‘வாஸ்ட்ஃப்ளக்ஸ்’ மோசடியிலோ, ஒரே விளம்பர இடத்தில் 25 காணொளிகள் வரை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாதவையும் காட்டப்பட்டனவாகக் கணக்கில் ஏறின. 1,700க்கு மேற்பட்ட செயலிகளின் பெயர்கள் இதற்குப் போலியாக உபயோகிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.1 கோடி கருவிகள் பாதிக்கப்பட்டன.

மற்றொரு முறை இதனினும் நுட்பமானது. கைபேசியில் முன்பே குடியேறிய செயலி ஒன்று, புதிய செயலி இறங்குவதை உணர்ந்ததும் பொய்யாக ஒரு தொடுகையைப் பதிவு செய்து, ‘இவரை அழைத்து வந்தது நானே’ என்று உரிமை கோருகிறது. இதனைக் கண்டறியும் வழி எளிது. கூகுள் பிளே அங்காடி, தொடுகையின் நேரத்தையும் பதிவிறக்கம் தொடங்கிய நேரத்தையும் தெரிவிக்கிறது. பதிவிறக்கம் தொடங்கிய பின்னர் வந்த தொடுகை அதற்குக் காரணமாக இருக்க இயலாது.

இவை விளம்பரம் செய்வோருக்கும் தரகர்களுக்கும் இடையிலான வழக்கு, பொதுமக்களுக்கு இதில் என்ன நட்டம் என்று சிலர் கருதலாம். அக்கருத்து பொருந்தாது. மறைவில் ஓடும் காணொளிக்கு மின்கலமும் இணையத் தரவும் தருபவர் கைபேசிக்கு உரியவரே. மேலும், 2023 நவம்பரில் ஏற்கப்பட்ட டிஜிட்டல் விளம்பரக் கொள்கையின்படி, மத்திய மக்கள் தொடர்பகம் கைபேசிச் செயலிகளிலும் அரசு விளம்பரங்களை வெளியிடலாம். தடுப்பூசி முகாம் பற்றிய விளம்பரம் ஓர் இலட்சம் முறை காட்டப்பட்டதாகக் கணக்கு வந்து, அதில் ஒரு பகுதியை எவரும் காணவில்லையெனில், வீணாவது பொதுப்பணம் மட்டுமன்று. செய்தி ஊரை எட்டிவிட்டதென்று நம்பி, நேரில் சொல்லவேண்டியவர்களும் வாளாவிருந்துவிடுவர். அவ்விழப்பு ரூபாயில் அளவிடத்தக்கதன்று.

தடுப்பு முறைகள் இல்லாமலில்லை. தம் செயலியின் விளம்பர இடத்தை விற்க உரிமை பெற்றவர் யாவர் என்பதை ஆக்கியோரே தம் இணையதளத்தில் பட்டியலிடும் ‘ஆப்-ஆட்ஸ்’ முறையை ஐஏபி டெக் லேப் 2019இல் வகுத்தது. பெயரைப் பொய்யாகச் சொல்லி விற்பதை இது தடுக்க உதவும். ஆனால், அடுக்கி மறைத்தலை இது தடுக்காது. ஆகவே, அடிப்படை விதி ஒன்று அவசியம்: பணம் பெறுபவரே எண்ணிக்கையையும் எழுதுபவராக இருத்தல் ஆகாது. அரசுத் துறைகள் தம் ஒப்பந்தங்களில், தனித்த ஒருவர் சரிபார்த்த கணக்குக்கே பணம் என்று நிபந்தனை விதித்தல் வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உபயோகிக்காத வேளையிலும் கைபேசி சூடாகிறதா, எந்தச் செயலி எவ்வளவு தரவைச் செலவிடுகிறது என்பதை அமைப்புகளில் பார்க்கும் பழக்கத்தை மாணவர்க்கும் ஊரார்க்கும் கற்பித்தல் வேண்டும். காரணமின்றித் தரவை உண்ணும் செயலியை நீக்குவதே நலம். 2017இல் தொடங்கப்பெற்ற சைபர் ஸ்வச்சதா கேந்திரா, தீய செயலிகளைக் கண்டறியும் கருவிகளை இலவசமாக அளிக்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, திரையில் தோன்றும் எண்ணிக்கையைச் சான்றென மயங்காதிருத்தல் வேண்டும். விளம்பரம் எட்டியதா என்பதை அறிய, ஊரில் பத்து வீடுகளில் கேட்டுப் பார்ப்பது இன்றும் நம்பத்தக்க சோதனையே.