கரித்தூள் யார் தலையில்?

பள்ளுருத்தி: கொச்சி அழிமுகத்துக்கு வடக்கே, புதுவைப்பில் சமையல் வாயு இறக்குமதி முனையம் கட்ட இந்தியன் ஆயில் கழகம் முனைந்தபோது, அவ்வூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றதை வாசகர்கள் அறிவர். 2017 ஜூனில் போராடியவர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினர். 2019 டிசம்பரில் 144 தடை உத்தரவு போட்டு வேலை மீண்டும் தொடங்கப்பட்டது.

அந்நாட்களில் இங்குள்ள டீக்கடைகளில் நம்மவர் பலர், "வாயு வேண்டும், முனையம் வேண்டாம் என்றால் எப்படி?" என்று கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, நம் சொந்தக் கடற்கரையில் நிலக்கரியால் நேர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டு அனல் மின்நிலையங்களுக்கான நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படுகிறது. ரயிலில் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கே கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. ஒரு சரக்கு ரயிலில் 3,500 டன்னுக்கு மேல் வரும். வேகனைக் கவிழ்க்கும்போதும், மலைபோல் குவிக்கும்போதும், கப்பலில் கொட்டும்போதும் தூள் பறக்கிறது. ஏற்றுமதியானாலும் இறக்குமதியானாலும் காற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

சென்னைத் துறைமுகத்தில் இந்தத் தூளால் வடசென்னை மக்கள் பட்ட அவதி சொல்லி மாளாது. விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட் உத்தரவுப்படி 2011 அக்டோபர் முதல் அங்கு நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தூள் மறைந்துவிடவில்லை, எண்ணூருக்குப் போயிற்று. ஏற்கெனவே அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, இறாலும் மீனும் குறைந்து தவித்த மீனவக் குப்பங்களின் தலையில் மேலும் ஒரு சுமை ஏறியது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் செர்ரி பாயின்ட் என்ற கடற்கரையில் ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் டன் நிலக்கரியை ஏற்றுமதி செய்யும் முனையம் கட்டத் திட்டமிட்டனர். நம் ரயில் கணக்கில் நாள்தோறும் 30 வண்டிகளுக்கு மேல்! லம்மி என்ற பழங்குடியினர் எதிர்த்தனர். 1855ஆம் ஆண்டு ஒப்பந்தம் தங்களுக்கு மீன்பிடி உரிமை தந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினர். 2016 மே மாதம் அந்நாட்டு ராணுவப் பொறியியல் துறை அனுமதி மறுத்தது. அவர்களைக் காப்பாற்றியது ஒரு பழைய காகிதம்.

நம் மீனவர்களிடம் அப்படி ஒப்பந்தம் எதுவுமில்லை. அவர்களுக்கு உள்ள காகிதம் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஒன்றுதான். 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, பெரிய துறைமுகத் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளேடுகளில் அறிவிப்புக் கொடுத்து இக்கூட்டம் நடத்தவேண்டும். திட்டத்தின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்கவேண்டும். எழும் ஆட்சேபங்கள் பதிவாகவேண்டும்.

வெளியூரில் பிழைக்கும் நாம் கவனிக்கவேண்டிய இடம் இது. கூட்டத்துக்கு லீவு போட்டு ஊர் போகமுடியாதவரும், திட்டத்தால் தமக்கு நியாயமான பாதிப்பு உண்டென்றால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். தகப்பனார் வலை வீசும் கடல், தாயார் குடியிருக்கும் வீடு, இவை நம் பாத்தியதை அல்லவா?

எழுதினால் திட்டம் நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பதிவான ஆட்சேபத்தை நிபுணர் குழு பரிசீலித்தாக வேண்டும். தட்டிக் கழித்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அதுவே ஆதாரமாக நிற்கும்.

டீக்கடைக் கேள்விக்கு விடை இதுதான்: வாயுவும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். ஆனால் அதன் தூளையும் அபாயத்தையும் சுமப்பவன் சம்மதத்தை முதலில் கேட்கவேண்டும். ஊரிலிருந்து கூட்ட அறிவிப்பு வந்ததாகக் கேள்விப்பட்டால், பத்துப் பேர் கூடி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.