ஒரு போர்ட் திறந்தால் போதுமா?

ஃபயர்வால் இருக்கும்போது மெயில் சர்வரை அலுவலக நெட்வொர்க்குக்குள்ளேயே வைத்து அஞ்சலுக்கான 25ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டால் போதும், டி.எம்.இசட். எனப்படும் தனி மண்டலம் வீண் செலவு என்ற கருத்து பரவலாக உள்ளது. இது ஆபத்தான கருத்து.

திறந்திருப்பது ஒரே வழிதானே என்கிறார்கள். தாக்குதல் வருவதே அந்த வழியில்தான். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளின் டீபக் வசதியைப் பயன்படுத்தி அஞ்சல் இணைப்பு வழியாகவும் நுழைந்தது. எக்ஸிம் என்ற அஞ்சல் மென்பொருளின் 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் 2019இல் தெரியவந்த ஓட்டை, பெறுநர் முகவரிக்குள் கட்டளையைப் பொதிந்து அனுப்ப இடம் தந்தது. இத்தகைய இணைப்பை, விதிப்படி வந்த அஞ்சல் என்றே சாதாரண ஃபயர்வால் உள்ளே விடும்.

சர்வர் தாக்குபவரின் கைக்குப் போன பிறகு நடப்பதைத்தான் இந்தக் கருத்து கணக்கில் எடுப்பதில்லை. ஒரே சப்நெட்டில் உள்ள கணினிகள் ஸ்விட்ச் வழியே நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு ஃபயர்வாலைத் தொடுவதேயில்லை. கணக்குப் பிரிவின் கணினி, ஃபைல் சர்வர், பேக்கப் எல்லாம் தாக்குபவரின் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். சர்வர் தனி மண்டலத்தில் இருந்தால் அங்கிருந்து உள்ளே செல்லும் ஒவ்வொரு இணைப்பும் ஃபயர்வாலைக் கடந்தாக வேண்டும்.

அந்த மண்டலத்திலிருந்தும் உள்ளே ஒரு வழி விடத்தானே வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது ஒரு சர்வருக்கு, ஒரு போர்ட்டுக்கு மட்டுமான வழி. நிர்வாக இணைப்புகள் உள்ளிருந்து மண்டலத்துக்கு மட்டுமே செல்லும்.

அஞ்சல் பெட்டிகள் அனைத்தையும் வெளி மண்டலத்தில் வைப்பதா என்ற அச்சமும் தேவையற்றது. அங்கே நிற்க வேண்டியது அஞ்சலை வாங்கிக் கைமாற்றும் ரிலே மட்டுமே. பெட்டிகளும் பாஸ்வேர்டுகளும் உள்ளேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் எட்ஜ் டிரான்ஸ்போர்ட் சர்வர் இதற்கென்றே உருவானது. அலுவலக டொமைனில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. தேவையான தகவலை உள்ளிருக்கும் சர்வரே அதற்கு அனுப்பி வைக்கும். வெப்மெயில் வேறு விஷயம். 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்ச் தாக்கப்பட்டது வெப்மெயில் இயங்கும் 443ஆம் போர்ட் வழியாக என்பதால், வெப்மெயிலை இணையத்துக்குத் திறக்காமல் வி.பி.என். மூலம் அணுகுவதே நல்லது.

செலவும் பெரிதல்ல. பல ஃபயர்வால்களில் மூன்றாவது இன்டர்ஃபேஸ் சும்மாவே கிடக்கிறது.

டி.எம்.இசட். இருந்தும் ஊடுருவல் நடந்தது என்று காட்டப்படும் இடங்களில் விதிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மண்டலத்திலிருந்து உள்ளே எதற்கும் அனுமதி என்று ஒரு வரி இருந்தால், பெயரளவில்தான் அங்கே தனி மண்டலம் இருக்கிறது.